பழங்காசுக்கு நாளை என்ன விலை? நீலகிரியிலிருந்து ஒரு கணக்கு

வெள்ளி விலை தாறுமாறாக ஏறத் தொடங்கியதிலிருந்து குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. பாட்டி பெட்டியில் ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் நாலைந்து கிடக்கிறது. இப்போதே கொடுத்துவிடலாமா, வைத்திருந்தால் இன்னும் ஏறுமா? கேட்பவர் ஒரே கேள்வி கேட்பதாகத்தான் நினைக்கிறார். அதற்குள் இரண்டு சந்தைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று வெள்ளிச் சந்தை, இன்னொன்று சேகரிப்பவர்களின் சந்தை. வெள்ளி விலையை எங்கேயோ லண்டனிலும் மும்பையிலும் முடிவு செய்கிறார்கள். அதைக் கணித்துச் சொல்கிறேன் என்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம். சேகரிப்புச் சந்தையை ஓரளவு கணிக்க முடியும். அடுத்து வாங்கப்போகிறவர் யார் என்று கேட்டுக்கொண்டாலே பாதி விடை வந்துவிடும்.

முதலில் உலோகக் கணக்கை முடித்துவிடுவோம். பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். 1939 வரை வந்த காசுகளில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி. கிலோ ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்தால் காசின் உலோக மதிப்பு 1,070 ரூபாய். அதற்கு மேல் கிலோவுக்குப் பத்தாயிரம் ஏறும்போதெல்லாம் காசுக்கு 107 ரூபாய் கூடும். 2025-இல் வெள்ளி அந்த ஒரு லட்சத்தை வெகுவாகத் தாண்டிப் போய்விட்டதால், கணக்கை அன்றன்றைய விலையை வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். 1940 முதல் 1945 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947-இல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். அதையும் வெள்ளி என்று நம்பிப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும், விஷயம் முடிந்தது.

சாதாரண வெள்ளி ரூபாய்க்கு இந்த உலோக மதிப்பைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதன் எதிர்காலமும் வெள்ளியின் எதிர்காலமும் ஒன்றுதான். "நூற்றைம்பது வருஷத்துக் காசு சார், சும்மாவா?" என்று கேட்பார்கள். சும்மாதான். வயதை வைத்து விலை வருவதில்லை. விக்டோரியா ராணியின் ரூபாய்களில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது 1862 என்று ஆண்டு போட்டது. அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலேயே 1874 வரை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த வருடத்து அச்சு என்பதைக் காசிலுள்ள சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் இன்று சேகரிப்பாளர்கள் ஊகிக்கிறார்கள். அதற்கு 77 வருடம் இளையது 1939-இல் மும்பையில் அச்சான ஆறாம் ஜார்ஜ் ரூபாய். அது கிடைப்பதற்கரியது. அதனாலேயே அதற்குப் போலிகளும் அதிகம்.

1911-ஆம் ஆண்டு ரூபாயின் கதை இன்னும் வேடிக்கையானது. ஐந்தாம் ஜார்ஜ் அணிந்திருக்கும் மாலையில் ஒரு யானை உண்டு. அதன் துதிக்கையும் கால்களும் குட்டையாக விழுந்து, பார்ப்பவர்களுக்குப் பன்றி மாதிரித் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பவே அச்சடித்ததில் பெரும்பகுதியை வெளியே விடாமல் உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி வரைந்தார்கள். அந்தப் 'பன்றி ரூபாய்' இன்றைக்கும் சாதாரண ரூபாயைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. ஆக, ஒரு காசு அரிதாவதற்கு எத்தனை அச்சானது என்பதைவிட எத்தனை உருகாமல் தப்பியது என்பதுதான் முக்கியம்.

இந்த உருக்குதல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் இப்போது நடந்துகொண்டிருப்பதும் அதுதான். முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளிக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. நோட்டைக் கொடுத்தால் வெள்ளி ரூபாய் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் நோட்டே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கை ஆடத் தொடங்கியது. 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் மிகப் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, இந்தியாவுக்கு வந்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயாக மாறியது. 1918, 1919 ஆண்டுகளின் ரூபாய் இன்றும் கை நிறையக் கிடைப்பதற்கு அதுவே காரணம். உருக்கியபோது எந்த ஆண்டு டாலர் எத்தனை போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னாளில் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் சில ஆண்டுகளின் டாலர்களைத் தேடித் தேடி அலைந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியா மறுபடியும் அமெரிக்காவிடம் வெள்ளியைக் கடனாக வாங்கியது. போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் பாதி மட்டுமே வெள்ளி கலந்த அந்த 1940-45 ரூபாய்களைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். நிக்கல் ரூபாய் வந்தது இந்தச் சூழலில்தான்.

அப்புறம் 1980 ஜனவரி. டெக்சாஸைச் சேர்ந்த ஹன்ட் சகோதரர்கள் உலக வெள்ளியை வளைத்துப் போடப் பார்த்ததில் விலை அவுன்சுக்கு 50 டாலர் வரை போய், மார்ச் மாதத்தில் சரிந்து விழுந்தது. 1991-இல் 4 டாலருக்கும் கீழே. அந்த 50 டாலரை உறுதியாகத் தாண்ட 2025 வரை ஆயிற்று. நடுவில் நாற்பத்தைந்து வருடம்! வெள்ளி என்றைக்கும் ஏறத்தான் செய்யும் என்று சொல்பவரிடம் இந்தத் தேதிகளை எடுத்து நீட்டலாம்.

ஒவ்வொரு ஏற்றத்திலும் கூட்டம் கூட்டமாகக் காசு உலைக்குப் போகிறது. இப்போதும் ஊட்டியிலும் கோவையிலும் பழைய வெள்ளி எடுக்கும் கடைகளில் கொலுசோடு கொலுசாக ராஜா தலை ரூபாயும் தராசில் ஏறுகிறது. ஆண்டைப் பார்த்துப் பிரித்தெடுக்கும் பொறுமை எல்லாக் கடைக்காரருக்கும் இருப்பதில்லை. இன்னும் இருபது வருடத்தில் சாதாரண ரூபாய்களும் கொஞ்சம் குறையும். ஆனால் 'அரிது' என்று சொல்லும் அளவுக்குக் குறையாது என்பது என் கணிப்பு. அச்சான எண்ணிக்கை அப்படி.

விற்கப் போகிறவர்கள் ஆண்டுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது காசின் நிலை. இங்கேதான் நம் வீட்டுப் பழக்கங்கள் நமக்கே எதிராகிவிடுகின்றன. பூஜைக்கு வைத்த காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறோம். சேகரிப்பாளருக்கு அந்தப் பளபளப்பு ஆகவே ஆகாது. மேல்பரப்பில் இயல்பாகப் படிந்த கருமை போய், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்திருக்கும். தேய்த்த காசுக்கு விலை பாதியாகக்கூட இறங்கலாம். காசு மாலைக்காக வளையம் பற்றவைத்து, பின்னால் அறுத்து எடுத்த காசும் அப்படித்தான். விளிம்பில் அந்தத் தழும்பு இருந்தால் நகை வெள்ளி விலைதான்.

மலைக்கு என்று தனியாக ஒரு பிரச்சினையும் இருக்கிறது. கூடலூர், தேவாலா பக்கம் ஆடி மாதத்தில் சுவரே வியர்க்கும். செம்புக் காலணாவிலும் ஓட்டைக் காலணாவிலும் பச்சை பூத்துவிடும். கடையில் விற்கும் மலிவான பிளாஸ்டிக் ஆல்பங்கள் பெரும்பாலும் பிவிசி. ஈரத்திலும் வெப்பத்திலும் அது சிதைந்து காசின்மேல் பிசுபிசுப்பான பச்சைப் படலத்தை ஏற்றும். பிவிசி கலக்காத உறையும், டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும், செலவு சொற்பம். சேகரிப்புச் சந்தையில் வரும் வருடங்களில் நிலைக்கான விலை வித்தியாசம் இன்னும் விரியும் என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் காசுக்குத் தரச்சான்று கொடுக்கும் பழக்கம் இந்தியாவிலும் பரவிவிட்டது. அமெரிக்காவில் பிசிஜிஎஸ் என்ற தரச்சான்று நிறுவனம் 1986-இலும் என்ஜிசி என்ற இன்னொன்று 1987-இலும் தொடங்கின. காசைப் பார்த்து 1 முதல் 70 வரை ஒரு எண் கொடுத்து, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து அனுப்புவார்கள். 'ஸ்லாப்' என்று நம் ஆட்களும் சொல்கிறார்கள். முகம் பார்க்காமல் இணையத்தில் வாங்குகிறவருக்கு அந்தக் கூடு ஒரு தைரியம். 63-க்கும் 65-க்கும் வெறும் கண்ணால் வித்தியாசம் தெரியாது, விலையில் மட்டும் பளிச்சென்று தெரியும்.

இதிலும் ஆபத்து உண்டு. தரச்சான்று வந்ததும் காசைப் பங்குப் பத்திரம் மாதிரி வாங்கி விற்கலாம் என்று அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களுக்கு ஆசை வந்தது. 1989 வாக்கில் பணம் கொட்டியது, விலை எகிறியது. அடுத்து ஆசையோடு வாங்க வேண்டிய சேகரிப்பாளர்கள் அந்த விலைக்கு இல்லை. 1990-க்குப் பிறகு பல காசுகளின் விலை தரைக்கு வந்தது. சில இன்றுவரை அந்த உயரத்தைத் தொடவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நீலகிரிக்காரர்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை. பந்தலூர் போனால் போதும். 1879-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசு அமர்த்தி, அன்று தேவாலா, பந்தலூரையும் சேர்த்துச் சொல்லப்பட்ட வயநாட்டுப் பாறைகளில் தங்கம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னது. அவர் அறிக்கை நம்பிக்கையாக வந்தது. உடனே 41 கம்பெனிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு மூலதனத்தோடு, பெரும்பாலும் லண்டனில் கிளம்பின. நோயில் அடிபட்டு நொந்துபோயிருந்த காபித் தோட்டங்கள் தங்க வயல் என்ற பெயரில் கொள்ளை விலைக்குக் கைமாறின. தேவாலாவிலும் பந்தலூரிலும் பங்களாக்களும் கடைகளும் முளைத்தன. இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. தங்கம் இருந்தது, ஆனால் ஒரு டன் பாறையில் கிடைத்தது, அதைத் தோண்டி அரைக்கும் கூலிக்குக் காணவில்லை. அந்த விவகாரத்தில் பணம் பார்த்தவர்கள் யார் என்றால், தங்கம் எடுத்தவர்கள் இல்லை, நிலத்தை விற்றவர்கள். ஒரு கணிப்பைப் படிக்கும்போது அதைச் சொல்பவர் விற்கிற பக்கம் இருக்கிறாரா, வாங்குகிற பக்கம் இருக்கிறாரா என்று பார்க்கும் பழக்கம் அன்றைக்கு லண்டன் முதலீட்டாளர்களுக்கு இருந்திருந்தால் பந்தலூர் இன்னும் அமைதியாக இருந்திருக்கும்.

இன்றைய பந்தலூர் நம் கைபேசியில் இருக்கிறது. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று விளம்பரம் வரும். 2012-இல் சாதாரணப் புழக்கத்துக்கு விட்ட காசு அது. 'வாங்குகிறவர்' முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார், அப்புறம் வரி, அப்புறம் கமிஷன். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட்டது: பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, தன் பெயரில் யாரும் கட்டணம் வசூலிக்க அனுமதி இல்லை என்று. இதே குடும்பத்தில் இன்னொன்று, ராமரும் அனுமனும் இருக்கும் '1818 கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா'. அப்படி ஒரு அரையணாவைக் கம்பெனி வெளியிடவே இல்லை. எல்லாம் பின்னால் அச்சடித்து விற்ற பொம்மைக் காசு. அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது என்று சொல்லி அதை லட்சக்கணக்கில் தலையில் கட்டும் கும்பல்கள் தமிழ்நாட்டுப் போலீசுக்குப் பழக்கமானவை. இந்த வகை ஏமாற்று குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, அடுத்து வாங்கப்போகிறவர் யார்? மனிதர்கள் பொதுவாகத் தங்கள் சின்ன வயதைத்தான் வாங்குகிறார்கள். கையில் கொஞ்சம் காசு சேரும் நாற்பது, ஐம்பது வயதில் அந்த ஆசை வரும். இன்று சந்தையில் பணத்தோடு நிற்கும் தலைமுறை, மிட்டாய்க் கடையில் அலுமினியப் பத்துப் பைசாவை நீட்டிய தலைமுறை. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்ததிலிருந்து அலுமினியக் காசுகள் வரைக்கும், தாமரை போட்ட 1968-71 இருபது பைசா உட்பட, புழங்காத நிலையில் இருப்பவற்றுக்கு இப்போது தேவை இருப்பதற்கு அதுவே காரணம். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போனதும் அந்த ஏக்கத்தைக் கூட்டிவிட்டது. இந்த வரிசைக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் நல்ல காலம் என்று நினைக்கிறேன். புழங்கித் தேய்ந்த பைசாவுக்கு இது பொருந்தாது; அது அன்றும் இன்றும் எடைக்குத்தான்.

அதற்கு அடுத்த தலைமுறை வேறு. யுபிஐ வந்தது 2016-இல். தொட்டபெட்டாவில் மக்காச்சோளம் சுட்டு விற்பவரிடமும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பத்து ரூபாய்க் காசைக் கடைக்காரர்கள் வாங்க மறுத்ததும், எல்லா வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் சொல்ல வேண்டிவந்ததும் நினைவிருக்கும். காசை உண்டியலில் போட்டுக் குலுக்கிப் பழகாத பிள்ளைக்கு ஐம்பது வயதில் காசு மேல் ஏக்கம் வருமா? எனக்குச் சந்தேகம்தான். ஆகவே வெறும் நினைவை நம்பி நிற்கும் காசுகளின் விலை 2045 வாக்கில் தளரலாம். வரலாற்றை நம்பி நிற்பவை தாக்குப்பிடிக்கும். திப்பு சுல்தானின் யானைக் காசை யாரும் சின்ன வயதில் செலவழித்ததில்லை, ஆனாலும் வாங்க ஆள் இருக்கிறார்கள். 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்த நீலகிரிக்கு அது சொந்தக் காசு என்ற ஒட்டுதலும் உண்டு.

நினைவு நாணயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1964-இல் நேருவுக்கு வெளியிட்டது முதல் தொடங்கி வருடத்துக்கு வருடம் எண்ணிக்கை பெருகிவிட்டது. புழக்கத்துக்கு விடாமல், பெட்டியில் வைத்து முகமதிப்பைவிடப் பல மடங்கு விலைக்கு நாணயச்சாலைகளே விற்கின்றன. வாங்கியவர் எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பதால் அரிதாக வழியே இல்லை. அமெரிக்கா 1999 முதல் 2008 வரை 50 மாநிலங்களுக்கும் கால் டாலர் காசு வெளியிட்டு நாடே சேகரித்தது. பெரும்பாலானவை இன்றும் கால் டாலர்தான். தமிழ்நாட்டில் ஒரு விதிவிலக்கு: காமராஜர், அண்ணா, எம்.ஜி.ஆர்., கருணாநிதி காசுகள். இவற்றை வாங்குகிறவர் நாணயச் சேகரிப்பாளர் இல்லை, தொண்டர். அவர் வெள்ளி எடையையோ தரச்சான்றையோ பார்க்க மாட்டார். அந்தச் சந்தையைக் கணிக்க நாணயவியல் உதவாது.

நீலகிரியில் யாரும் விலை போடாத ஒரு வகை இருக்கிறது, எனக்கு அதன் மேல்தான் கண். இந்திய வம்சாவளித் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களுக்காக 1968-இல் டேன்டீ என்ற தமிழக அரசின் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்கள் குடியேறினார்கள். தகரப் பெட்டிகளோடு அவர்களின் சதக் காசுகளும் வந்தன: நாற்சதுர ஐந்து சதம், பூவிளிம்புப் பத்துச் சதம், அபூர்வமாக 1957 புத்த ஜெயந்தி வெள்ளி ஐந்து ரூபாய். தனித்தனியாக எடுத்தால் வெள்ளியைத் தவிர மற்றவற்றுக்குச் சில ரூபாய்தான் கிடைக்கும். ஆனால் அதே காசு, குடும்பத்தின் பயண ஆவணம், தோட்டத்துத் துண்டுச் சீட்டு, எந்தத் தோட்டத்திலிருந்து எந்த வருடம் வந்தார்கள் என்ற கைக்குறிப்பு எல்லாம் சேர்ந்து இருந்தால் அது ஒரு வரலாற்றுத் தொகுப்பு. சிலோன் காபித் தோட்டங்களும் அசாம், சில்ஹெட் தேயிலைத் தோட்டங்களும் கூலிக்காகக் கொடுத்த டோக்கன்களை ஒரு காலத்தில் யாரும் சீண்டவில்லை. இன்று அவற்றுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். காசு எங்கிருந்து யார் கை வழியாக வந்தது என்ற சான்றுக்கு உலகச் சந்தையில் மதிப்பு ஏறிக்கொண்டே வருகிறது. போலி நல்ல தரத்தில் வர வர, அது இன்னும் ஏறும். காசை அப்படியே வார்த்துவிடலாம், ஒரு குடும்பத்தின் தாள்களையும் சேர்த்து உண்டாக்குவது கடினம். எனவே பெட்டியைப் பிரித்துக் காசைத் தனியாக, காகிதத்தைத் தனியாகப் போடாதீர்கள். உடனே விற்றுப் பணமாக்க இது உதவாது. வாங்குகிற ஆள் இன்னும் வரவில்லை.

கடைசியாகச் சட்டம். பலர் கண்டுகொள்ளாத இதுதான் விலையைச் சத்தமில்லாமல் நகர்த்தப் போகிறது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான காசு தொல்பொருள். தனிநபர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். இந்த நூறு ஆண்டுக் கோடு வருடா வருடம் நகர்கிறது. 1926-இல் அச்சான காசு 2026-இல் கோட்டுக்குள் வருகிறது. அந்த அரிய 1939 ரூபாய் 2039-இல் வரும். கோட்டுக்குள் போன காசை உள்நாட்டுச் சந்தையில் மட்டும்தான் விற்க முடியும். ஏற்கெனவே லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் அதே காசுக்கு உலகம் முழுவதும் வாங்க ஆள் உண்டு. ஒரே காசுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விலை என்ற நிலை 2030-களில் இன்னும் தெளிவாகத் தெரியும் என்று எதிர்பார்க்கிறேன். மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் காசுக்கு வேறு சட்டம்: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். தோட்டம் வெட்டும்போது கிடைத்தது என்று சொல்லி விற்க வருகிறவரிடம் வாங்கினால் தொல்லையும் சேர்ந்து வரும். பிள்ளைகள் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிவிட்ட குடும்பங்கள் பரம்பரைக் காசைப் பெட்டியில் போட்டு விமானம் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஆண்டைப் படித்துவிட வேண்டும். நூறு வயது ஆகவில்லை என்றாலும், தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. சுங்க அதிகாரிக்கு ஐந்தாம் ஜார்ஜுக்கும் ஆறாம் ஜார்ஜுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.